சீனி போட்ட ரசம்

நேற்று நீங்கள் சரிபார்க்க அனுப்பிய செய்திமடல் பக்கங்களைப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆன பிறகும் என்னிடம் அனுப்புகிறீர்கள், சந்தோஷம். திராட்சைச் சாம்பல் நோய் பற்றிய பத்தி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ஆறாம் பக்கத்தில் ‘ஒயின்’ என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, உங்களில் யாரோ ‘தேறல்’ என்று திருத்தியிருக்கிறீர்கள். பழைய சொல், அழகான சொல். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் போட்ட காபி ஆறி ஆடை கட்டிக் கிடக்கிறது. போனில் சொன்னால் ‘சரிங்க மேடம்’ என்பீர்கள், அடுத்த மாதம் அதைவிட அழகாக வேறொரு சொல்லைத் தேடிப் பிடிப்பீர்கள். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

நானும் தப்பு செய்துதான் இந்த வேலையைக் கற்றேன். சேர்ந்த முதல் வருஷம் ஒரு பூஞ்சை மருந்துக்கு அளவு எழுதும்போது ‘ஒரு டேங்குக்கு’ என்று எழுதிவிட்டேன். முதுகில் மாட்டுகிற தெளிப்பானும் டேங்க்தான், தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய டிரம்மும் டேங்க்தான். டிரம்மில் கலந்த ஒருவர் நேரே ஆபீசுக்கு வந்து, “நீங்க சொன்னது மருந்தா மேடம், தீர்த்தமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு முன்னால் செய்திமடல் ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர், அப்போது ஓய்வு பெறப் போகிற மனிதர், சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். “எழுதி முடிச்சதும் மருந்துக் கடை வாசல்ல நிக்கிற ஆளா நெனச்சு ஒரு தரம் படிம்மா.” நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து லிட்டர், மில்லி, கிராம் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். எண்ணில் பிழை இல்லாவிட்டால் பிழையே இல்லை என்று நம்பினேன். அவர் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்திருக்கிறது.

நம் செய்திமடல் யாருக்கு என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது: திராட்சை விவசாயிகளுக்கும் ஒயின் தயாரிப்போருக்கும். இந்த இரண்டாவது பாதி எனக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. விளாங்குடியில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கோயில் குருக்கள். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ‘என்ன பத்திரிகைம்மா நடத்துறீங்க?’ என்று யாராவது கேட்டால் ‘பழ விவசாயம்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அடுத்த மாதம் ஒயின் பக்கமான ஆறாம் பக்கத்தை எழுத வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்பே எனக்கு எரிச்சல் வந்துவிடும்.

ஒரு நாள் வழி கிடைத்தது. கிறிஸ்தவர்கள் வேதத்தில் ‘திராட்சை ரசம்’ என்றுதானே சொல்கிறார்கள்? நானும் அப்படியே எழுத ஆரம்பித்தேன். திராட்சை ரசத்துக்கு ஏற்ற ரகங்கள், திராட்சை ரசத் தயாரிப்பில் கவனிக்க வேண்டியவை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செய்திமடலை நடத்தும் நம் விவசாயிகள் சங்கத்தின் தலைவர் கூப்பிட்டு, “இப்பத்தான் மேடம் நம்ம புக்க வீட்ல டேபிள் மேல வைக்க முடியுது” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், பெருமையாகவே இருந்தது.

இனி நடந்ததற்கு வருகிறேன். அது வைகாசி மாதம், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நம் விவசாயிகள் திராட்சைக் கொடிகளை வெட்டிக் கவாத்து முடித்திருந்தார்கள். கவாத்து முடிந்த ஒன்றிரண்டு நாளில் கொடியின் மொட்டுகள் ஒன்றாக விழிப்பதற்கு ஒரு மருந்தைத் துணியில் தொட்டு ஒவ்வொரு கண்ணாகத் தடவுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தடவியவர் உடம்பில் அது கொஞ்சம் ஏறியிருக்கும்போது சாராயச் சத்துள்ள எதைக் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கும். ஆளைச் சாய்த்தும் விடும். இதை நான் எழுதாமல் விடவில்லை. அந்த மாத இதழின் இரண்டாம் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்தேன்: ‘இம்மருந்தைக் கையாள்வோர் முந்தைய நாளும் அடுத்த ஒரு வாரமும் மது அருந்தலாகாது.’

இது நடப்பதற்குப் பத்து நாள் முன்பு, மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு சின்ன ஒயின் ஆலையில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. அழைப்பை எழுதியதும் நான்தான். ‘திராட்சை ரசத் தயாரிப்பாளருடன் ஒரு நாள்.’ நாற்பது பேர் போனார்கள். திரும்பும்போது ஆளுக்கொரு மாதிரி பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். பாட்டிலில் ரகத்தின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது.

மருந்து தடவும் வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் அடித்தது. பேரையூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் திராட்சை வைத்திருக்கும் தங்கராசு. கூட்டத்துக்குப் போய்விட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு பாதியில் கிளம்பியவர்களில் ஒருவர்.

“மேடம், மொட்டுக்குத் தடவுற மருந்து இருக்கில்ல, அது பேரு என்ன? இங்க டாக்டரு கேட்டாரு. எம் பொண்டாட்டிக்கு மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு. மூச்சு விட முடியலங்கிறா. மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாக. கார்ல வாரோம்.”

மருந்தின் பெயரைச் சொன்னேன். எனக்கு உடனே பொறி தட்டியது. “அண்ணே, தப்பா நெனக்காதீங்க. அவங்க மது ஏதும் எடுத்தாங்களா?” என்று கேட்டேன்.

“என்ன மேடம் பேசுறீக? பேச்சியம்மாளா?”

“பீர், கள்ளு, எதுனாலும் சொல்லுங்கண்ணே.”

“எங்க வீட்ல ஒருத்தரும் அதத் தொட்டது கெடையாது. உசுருக்குப் போராடுறவளப் பாத்து கேக்குற கேள்வியா இது?” போனை வைத்துவிட்டார்.

டப்பாவை மூடிவிட்டு ஆட்டோ பிடித்தேன். அவர் ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்ததில், மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று தெரிந்தது. விளாங்குடி ஆபீசிலிருந்து அங்கே போக எம்புட்டு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் அன்றைக்குச் சிக்னலில் நின்ற நேரம் மட்டும் ஒரு யுகம். மது இல்லை என்றால் வேறென்ன? அளவைக் கூட்டி எழுதிவிட்டேனா? கையுறை போடச் சொல்லி எழுதினேனா? பையிலிருந்த இதழை எடுத்து இரண்டாம் பக்கத்தை மூன்று முறை படித்தேன். எல்லா எண்களும் சரியாக இருந்தன. ஆறாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

நான் போய்ச் சேரும்போது பேச்சியம்மாளைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். கழுத்து வரை செங்கல் பொடி பூசிய மாதிரி சிவந்திருந்தது. பக்கத்தில் இருந்த மிஷினில் நாடித்துடிப்பு தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. வெளியே இன்னொரு கூத்து. பேச்சியம்மாளின் இரண்டு அண்ணன்களும் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் போன செய்தி ஒரே வரி: பேச்சி மருந்தால ஆஸ்பத்திரியில கெடக்கா. நம் ஊர்ப்பக்கம் ஒரு பெண் மருந்தால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“மாப்ள, உண்மையச் சொல்லு. எந்தங்கச்சி மருந்து குடிக்கிற அளவுக்கு என்ன பண்ணுன?” பெரிய அண்ணன் தங்கராசுவின் சட்டையைப் பிடித்திருந்தார்.

“குடிக்கல மச்சான், தடவுனா. கொடிக்குத் தடவுனா.”

“தடவுனதுக்கா இந்தப் பாடு?”

உள்ளே டியூட்டி டாக்டர், சின்ன வயதுப் பெண், ஊசியைத் தயார் செய்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கூப்பிட்டார். “தோட்டத்து மருந்துன்னதும் பூச்சிமருந்துன்னு நெனச்சோம். அதுக்கு இந்த ஊசி போடணும். ஆனா அதுல கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும், இவங்களுக்கு இல்ல. வேர்வையும் இல்ல. இதைப் போட்டா இதயம் இன்னும் வேகமா அடிக்கும். எனக்குப் பொருந்தி வரலை. காலையிலேர்ந்து என்ன சாப்பிட்டாங்கன்னு சரியாத் தெரியணும்.”

தங்கராசு கூழ் என்றார், மோர் என்றார். அப்போது பேச்சியம்மாள் கண்ணைத் திறக்காமலே மெதுவாகச் சொன்னார்.

“ரசம்.”

நர்ஸ் குனிந்து கேட்டார். “என்னம்மா, ரசமா? பழைய ரசமா?”

“ஆமா... ஒரு டம்ளரு. புளிச்சிருந்துச்சு.”

“கெட்டுப்போன ரசம் சாப்பிட்டிருக்காங்க டாக்டர்,” என்று சொல்லி நர்ஸ் எழுதிக்கொண்டார்.

“வீணாப் போயிருமேன்னு,” பேச்சியம்மாள் மூச்சு வாங்கினார், “சீனி போட்டுக் குடிச்சேன்.”

நர்ஸின் பேனா நின்றது. “ரசத்துல யாராச்சும் சீனி போடுவாங்களா?”

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பக்கத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிளகு ரசம் இல்லை, தக்காளி ரசம் இல்லை. என் ரசம். ஆறாம் பக்கத்து ரசம். மது குடித்தார்களா என்று தங்கராசுவிடம் கேட்டேன், இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் ஒரு பொருளுக்கு இரண்டு பக்கத்தில் இரண்டு பெயர் வைத்துவிட்டு, ஒரு பெயரைச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கிறேன்.

இங்கேதான் நான் தடுமாறினேன். மறைக்கக் கூடாது, அதனால் சொல்கிறேன். வாயைத் திறந்து ‘ஒயின்’ என்று சொல்ல வேண்டும். வாசலில் இரண்டு அண்ணன்மார், உள்ளே புருஷன். சொன்னால் அந்தப் பெண் பெயர் என்னாகும், என் வேலை என்னாகும் என்று இரண்டும் ஒன்றாகவே மனதில் ஓடின. ஐந்து விநாடி இருக்கும். அந்த ஐந்து விநாடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகு டாக்டரிடம் சொல்லிவிட்டேன். “அது ஒயின் டாக்டர். அவங்களுக்கு அது ஒயின்னு தெரியாது. அந்த மருந்தும் ஒயினும் உடம்புல சேரக் கூடாது.”

டாக்டர் போனில் ஒரு நிமிஷம் தேடிப் படித்தார். ஊசியைத் தட்டில் வைத்தார். “இப்ப எல்லாம் பொருந்துது. இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாது. டிரிப்ஸ் போட்டு, பிரஷர் இறங்காமப் பாத்துக்கணும். தாங்கிருவாங்கன்னு நெனைக்கிறேன்.” தங்கராசு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்க எழுதுன ரசம் சாராயமா மேடம்?” என்று மட்டும் கேட்டார். அதில் கோபம்கூட இல்லை.

வெளியே வந்து அண்ணன்மாரிடமும் நானே சொன்னேன். பெரியவர் நம்பவில்லை. இதழை வாங்கி நின்றபடியே இரண்டாம் பக்கத்தையும் ஆறாம் பக்கத்தையும் விரலை ஓட்டிப் படித்தார். கைநாட்டு இல்லை, நிதானமாகப் படிக்கத் தெரிந்த மனிதர். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இதுல மதுன்னு போட்டுருக்கு. அதுல ரசம்னு போட்டுருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்னா எதுக்கும்மா ரெண்டு பேரு?”

எனக்குப் பதில் இருந்தது. “ஒயின்னு எழுத எனக்கு வெக்கமா இருந்துச்சுண்ணே.”

“நீங்க வெக்கப்பட்டதுக்கு எந்தங்கச்சி கெடக்காளா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் மீதி விளங்கியது. நாற்பது பாட்டில். நாற்பது வீட்டு பிரிட்ஜில் அது இருக்கிறது. ரசம் என்ற பெயரில், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில். எல்லாத் தோட்டத்திலும் இந்த வாரம் மருந்து தடவுகிறார்கள். எழுந்து நடக்க ஆரம்பித்தேன். சங்கத் தலைவருக்குப் போன் போட்டேன்.

“விவசாயிங்க வாட்ஸ்அப் குரூப்ல இப்பவே வாய்ஸ் போடணும் சார்.”

“அவசரப்படாதீங்க மேடம். ஆலைக்காரங்க கோச்சுக்குவாங்க. போலீஸ் கேஸ் ஆனா சங்கத்து பேரு கெடும். நாளைக்குக் கமிட்டி கூடட்டும், நல்ல வார்த்தையாப் பாத்துப் போடுவோம்.”

“நல்ல வார்த்தை போட்டுத்தான் சார் ஒருத்தங்க படுத்துக் கெடக்காங்க.”

“நாளைக்குப் பேசுவோம்.”

சரி, அவர் சொல்லாவிட்டால் என்ன, நானே போட்டுவிடலாம் என்று பதிவு செய்ய ஆரம்பித்தேன். ‘அன்பார்ந்த விவசாயிகளே, திராட்சை ரசம் எனப்படும் மதுவகையை...’ அழித்தேன். மறுபடி. ‘ஒரு முக்கிய எச்சரிக்கை...’ அழித்தேன். வாரம் மூன்று எச்சரிக்கை போடுகிறோம். பூச்சி எச்சரிக்கை, மழை எச்சரிக்கை. யார் முழுதாகக் கேட்கிறார்கள்? எனக்கே என் குரல் ஆல் இந்தியா ரேடியோ மாதிரி இருந்தது. பேரையூரில் ஒரு பெண்ணுக்கு நடந்தது என்று சொன்னால்தான் காது கொடுப்பார்கள். ஆனால் அது அவள் கதை. அதை எடுத்துப் பேச எனக்கு உரிமை கிடையாது. ஏற்கெனவே அவளைக் கேட்காமல் செய்தது போதும் என்று தோன்றியது.

நாலரை மணிக்கு டாக்டர் வந்து, பிரஷர் ஏறுகிறது, சிவப்பும் குறைகிறது என்றார். உள்ளே போனேன். பேச்சியம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அக்கா, அப்ப நான் சரக்கடிச்சுட்டேனா?”

“தப்பு என்னோடது பேச்சியம்மா.”

“சீனி போட்டும் நல்லால்லக்கா. இதையா காசு குடுத்துக் குடிக்கிறாக?”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. விஷயத்தைச் சொன்னேன். மற்ற வீட்டில் இருக்கிற பாட்டில்கள், நாளைக்குக் காலையில் மருந்து தடவப் போகிற பெண்கள். ஊர் பேர் சொல்லாமல், யாரென்று தெரியாமல் பேசட்டுமா என்று கேட்டேன். வாசலில் நின்ற பெரிய அண்ணன் பாய்ந்து உள்ளே வந்தார்.

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம். ஊர்ல பொம்பளப் பிள்ள குடிச்சுட்டு ஆஸ்பத்திரியில கெடந்தான்னு பேசவா? ஒரு மக கல்யாணத்துக்கு நிக்குது.”

பேச்சியம்மாள் அண்ணனைப் பார்த்தார். “அண்ணே, இந்நேரம் ஊர்ல என்ன பேசிக்கிட்டு இருப்பாக? புருசன் கொடும தாங்காம பேச்சி மருந்தக் குடிச்சுட்டான்னுதான பேசுவாக? நீயே அப்படித்தான வந்து அவரு சட்டையப் பிடிச்ச?”

தங்கராசு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“மருந்து குடிச்சவ மகள்னு எம் மகளச் சொல்றதுக்கு, ஒயினு குடிச்சவ மகள்னு சொல்லட்டும். அது நெசமாவும் இருக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அக்கா, எம் பேரச் சொல்லுங்க. யாரோ ஒரு பொம்பளன்னு சொன்னா எவ கேப்பா? பேச்சியம்மான்னு சொல்லுங்க. தங்கராசு பொண்டாட்டின்னு சொல்லுங்க.”

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, அவர் கேட்கக் கேட்கப் பதிவு செய்தேன். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. “பேரையூர் தங்கராசு சம்சாரம் பேச்சியம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, பொழச்சுட்டாங்க. கூட்டத்துல குடுத்த பாட்டில்ல இருக்கிறது ரசம் இல்ல, ஒயின். சரக்கு. ரசம்னு எழுதுனது நான், தப்பு என்னோடது. மொட்டுக்கு மருந்து தடவுற யாரும் ஒரு வாரத்துக்கு ஒயின், பீர், பிராந்தி, கள் எதையும் ஒரு சொட்டுகூடத் தொடாதீங்க. வீட்ல அந்த பாட்டில் இருந்தா இப்பவே கொட்டுங்க.” அனுப்பு பொத்தானை அழுத்தினேன். தலைவரிடமிருந்து உடனே போன் வந்தது, நான் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. ஒரு பெண்ணின் குரல். எந்த ஊர் என்று சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை.

“காலையில இருந்து மருந்து தடவிட்டு இப்பத்தான் வந்தேன். டம்ளர்ல ஊத்தி, ஐஸு போட்டு வச்சிருந்தேன். கொட்டிட்டேன்,” என்றார். மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. “பேச்சியம்மாக்கா பக்கத்துல இருந்தா போனக் குடுங்க.”